என்ஜின் கிடைக்காத மனிதர்: குர்ட் டேங்க்

ஹாஸ்டலில் எனக்க மேஜை மேல் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. ஒன்று உள்ளங்கையில் அடங்கும் ஃபோக்கெ-வுல்ஃப் 190, 1/72 அளவு. பெட்டியைத் திறந்தா பாகங்கள் எல்லாம் அச்சில் வார்த்து, நம்பர் போட்டு, சட்டத்தோடு தொங்கும். கிள்ளி எடுத்து, தேய்ச்சு, ஒட்டினா நாலு நாளில் வேலை முடிஞ்சுது. இன்னொன்று ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம். எச்.எஃப்-24 மாருத், 1/32 அளவு. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். அதுக்குப் பெட்டி கிடையாது. டாமியா, ஹசெகாவா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ் என்று பெரிய கம்பெனிகள் ஒன்றும் மாருத்தை வார்க்கவில்லை. ஃபோக்கெ-வுல்ஃபை மட்டும் மாறி மாறி எல்லா அளவிலும் வார்த்திருக்கிறார்கள். அதனால் மாருத்தை வெறும் பிளாஸ்டிக் தகட்டில் இருந்து வெட்டிக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். எட்டு மாசம் ஆச்சு. இன்னும் முடியவில்லை.

வரைபடம் தேடும்போதுதான் தெரிந்தது, இரண்டையும் வடிவமைத்தது ஒரே ஆள். பெயர் குர்ட் டேங்க். ஹிட்லரின் ஜெர்மனிக்கும், பெரோனின் அர்ஜென்டினாவுக்கும், நேருவின் இந்தியாவுக்கும் போர் விமானம் செய்து கொடுத்தவர். அவரோட கதைதான் இது. நடுவில் எனக்க மாடலும் தலைகாட்டும், பொறுத்துக்கோங்க மக்களே.

1898 பிப்ரவரி 24-ல் ப்ரோம்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அன்றைக்கு அது ஜெர்மனி; இன்றைக்குப் போலந்தில் பிட்கோஷ்ச். பட்டாளக் குடும்பம். முதல் உலகப்போர் வந்தபோது பையனுக்கு விமானப் பிரிவில் சேர ஆசை. வீட்டில் பரம்பரை வழக்கத்தை விடவில்லை, குதிரைப்படைக்கு அனுப்பினார்கள். போர் முடியும்வரை குதிரைப்படைதான், தீரத்துக்கான பதக்கங்களோடு திரும்பினார். இந்தக் குதிரை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு வரும்.

போருக்குப் பிறகு பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். ஆமா, நம்ம ஈஈஈ. தோற்ற ஜெர்மனி என்ஜின் வைத்த விமானம் செய்வதற்கு வெர்சாய் உடன்படிக்கை ஏகப்பட்ட தடை போட்டிருந்தது. மாணவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ஜின் இல்லாத விமானத்துக்குத் தடை இல்லையே! கல்லூரிக்குக் கல்லூரி சறுக்கு விமானச் சங்கம் தொடங்கி, மரமும் துணியும் வைத்துத் தாங்களே கட்டி, மலைச்சரிவில் இருந்து பறந்தார்கள். பெர்லின் சங்கத்தைத் தொடங்கியவர்களில் டேங்க்கும் ஒருவர். நம்ம கல்லூரிகளில் ஏரோ மாடலிங் கிளப் என்று பேனர் கட்டி, ஒரு குவாட்காப்டரோடு நிறுத்திக்கொள்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இந்தச் சங்கங்கள்தான் என்று சொல்லலாம். என்ஜின் இல்லாமல் ஒரு உடலை எப்படிப் பறக்க வைப்பது என்பதை அவர் கற்றது அங்கே. அந்தப் பாடம் அவர் நினைத்ததைவிட அதிக நாள் தேவைப்பட்டது.

படிப்பு முடிந்ததும் ரோர்பாக் கம்பெனியில் பறக்கும் படகுகள் செய்தார். பிறகு கொஞ்ச நாள் மெஸ்ஸர்ஷ்மிட்டிடம் வேலை. 1931-ல் பிரெமன் நகரத்து ஃபோக்கெ-வுல்ஃப் கம்பெனிக்கு வந்து வடிவமைப்புப் பிரிவைப் பிடித்தார். வரைவதோடு நிற்கவில்லை, தான் வரைந்ததைத் தானே ஓட்டிப் பார்க்கிற விமானியாகவும் இருந்தார். நாலு என்ஜின் வைத்த காண்டர் பயணி விமானம் 1937-ல் முதலில் பறந்தபோது அதை ஓட்டியவர் அவர்தான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே ரக விமானம் ஒன்று பெர்லினில் கிளம்பி, எங்கேயும் இறங்காமல், சுமார் 25 மணி நேரத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஒரு பயணி விமானம் அட்லாண்டிக்கை அப்படித் தாண்டியது அன்றைக்குப் பெரிய செய்தி.

அதற்கப்புறம் ஃபோக்கெ-வுல்ஃப் 190. முதல் பறத்தல் 1939 ஜூன் 1.

இங்கேதான் குதிரை வருகிறது. அந்தக் காலத்துப் பிரமாதமான போர் விமானங்கள் என்றால் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர். டேங்க்குக்கு இரண்டும் பந்தயக் குதிரையாகத் தெரிந்தன. நல்ல தீனி, நல்ல பாதை, கைதேர்ந்த ஜாக்கி கிடைத்தால் பறக்கும். சேற்றில் விட்டால் கால் முறியும். போர்முனையில் கிடைப்பது சேறும், அரைகுறைப் பயிற்சி பெற்ற பையன்களும்தான் என்பதை அவர் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்தவர். தனக்கு வேண்டியது பட்டாளக் குதிரை என்று முடிவு செய்தார்.

அந்த ஒரு முடிவில் இருந்து விமானத்தின் ஒவ்வொரு பாகமும் எப்படிப் பிறந்தது என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. மெஸ்ஸர்ஷ்மிட்டின் சக்கரக் கால்கள் உடலை ஒட்டிக் குறுகலாக நிற்கும், தரையில் கவிழும். டேங்க் கால்களை இறக்கையில் தள்ளி வைத்து அகலமாக்கினார். திரவக் குளிர்விப்பு என்ஜினில் ரேடியேட்டரில் ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது. அவர் காற்றில் குளிரும் 14 சிலிண்டர் பிஎம்டபிள்யூ 801-ஐ எடுத்தார். சக்கரத்தை மடக்கவும் ஃபிளாப்பை இறக்கவும் ஹைட்ராலிக் குழாய் வேண்டாம், மின்மோட்டார் போதும் என்றார். படித்தது ஈஈஈ ஆச்சே! விமானிக்கு முன்னால் ஒரே ஒரு லீவர். அதைத் தள்ளினா எரிபொருள் கலவை, சுழற்சி வேகம், புரொப்பெல்லரின் கோணம், இக்னிஷன் நேரம் எல்லாவற்றையும் பிஎம்டபிள்யூ செய்த ஒரு கருவி தானாகச் சரிசெய்யும். எலக்ட்ரானிக்ஸ் ஒரு துளி கிடையாது, கியரும் எண்ணெயும் மட்டும். இன்றைக்குக் காரில் நாம் இசியு என்று சொல்வதை அந்த இரும்புப் பெட்டி செய்தது.

ஆரம்பத்தில் என்ஜின் பயங்கரமாகச் சூடேறியது. 1941-ல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே வந்தபோது அன்றைய ஸ்பிட்ஃபயரை அது ஓட ஓட விரட்டியது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி தவறி, வேல்ஸில் பெம்ப்ரே என்ற பிரிட்டிஷ் தளத்தில் இறங்கித் தன் விமானத்தைத் தானே ஒப்படைத்தார். அதைப் பிரித்துப் பார்த்துத்தான் பிரிட்டிஷார் மூச்சு விட்டார்கள். போர் முடிவதற்குள் 20,000-க்கு மேல் கட்டப்பட்டன.

இதை நான் ரசித்து எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியுது. ஆனா அந்த விமானங்கள் யாருக்காகப் பறந்தன என்பதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த வருஷங்களில் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகள் ஓடியதில் பெரும் பங்கு, பிடித்துக்கொண்டு வரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளிகளின் உழைப்பும் கைதிகளின் உழைப்பும். டேங்க் அந்த அமைப்பின் உச்சியில் இருந்தார். விருதும் பட்டமும் வாங்கினார். 1943-க்குப் பிறகு அவர் வடிவமைக்கும் விமானங்களுக்கு அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தையே போட்டார்கள்: டிஏ 152, டிஏ 154. தனக்குத் தொழில்நுட்பம் மட்டும்தான் தெரியும் என்று இருந்துவிட்ட மனிதர்களின் பட்டியலில் அவரும் இருக்கிறார். மாடல் கட்டுகிறவன் அந்த வாலில் ஸ்வஸ்திகா ஸ்டிக்கர் ஒட்டணுமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற நிமிஷத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும். நான் ஒட்டவில்லை. ஒட்டாததால் நடந்தது நடக்காமல் போகாது, அதுவும் தெரியும்.

டிஏ 154-ஐப் பற்றிக் கொஞ்சம். அலுமினியம் தட்டுப்பாடு வந்ததால் அதை மரத்தில் செய்தார்கள். ஒட்டுப்பலகைகளை இணைக்க டெகோ ஃபிலிம் என்று ஒரு பசைத்தாள். அது வுப்பர்டால் நகரத்தில் தயாரானது. குண்டுவீச்சில் அந்தத் தொழிற்சாலை அழிந்தது. மாற்றாக வந்த பசையில் அமிலம் அதிகம், மரத்தையே அரித்தது. 1944-ல் பறக்கும்போதே விமானங்கள் பிய்ந்து விழுந்தன. டேங்க் உற்பத்தியை நிறுத்தினார். நிறுத்தியதற்காக, வேண்டுமென்றே கெடுத்தார் என்ற பழி வந்து, தப்பித்து வெளியே வந்தார். மாடல் கட்டுகிற யாருக்கும் இந்தக் கதை உடம்பில் உறைக்கும். பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது ஒட்டுவது இல்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குவது. அவசரத்துக்கு ஃபெவிகுவிக் போட்டேன் என்று வையுங்க, தேய்க்கும்போது படக்கென்று விட்டுப்போகும். எனக்க மாருத்தின் இடது இறக்கை அப்படி இரண்டு தடவை கையோடு வந்தது.

இதே 1944-ன் கடைசியில் டேங்க் ஒரு கூட்டத்துக்குப் போக டிஏ 152 ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் அமெரிக்க மஸ்டாங் விமானங்கள் சூழ்ந்தன. தண்ணீரும் மெத்தனாலும் என்ஜினுக்குள் பீய்ச்சுகிற பூஸ்டைத் திறந்து, அவர்களைப் புள்ளியாக்கிவிட்டுப் போனார். 46 வயசு ஆள், தான் செய்த வண்டியிலேயே உயிர் பிழைத்தார்.

போர் முடிந்தது. பிரிட்டிஷார் விசாரித்தார்கள், வேலை கொடுக்கவில்லை. ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. 1947-ல் பெத்ரோ மத்தியெஸ் என்ற பெயரில் பாஸ்போர்ட்டோடு அர்ஜென்டினா போய் இறங்கினார். கூடவே பழைய சகாக்கள் பலரும் வந்து சேர்ந்தார்கள். கோர்டோபா நகரில் அதிபர் பெரோனுக்காக ஒரு ஜெட் விமானம்: புல்கி II. ஜெர்மனியில் காகிதத்தோடு நின்றுபோன டிஏ 183-ன் வம்சம், இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. முதலில் என்ஜின் இல்லாத சறுக்கு விமானமாகச் செய்து பறக்கவிட்டார்கள், கல்லூரிப் பழக்கம். பிறகு ரோல்ஸ்-ராய்ஸ் நீன் என்ஜின் வைத்து 1950-ல் பறந்தது. 1951 பிப்ரவரியில் பெரோன் முன்னால் டேங்க் தானே ஓட்டிக்காட்டினார். அந்த விமானம் உயிர்களையும் வாங்கியது. 1952-ல் அவரது பழைய தோழரும் சோதனை விமானியுமான ஓட்டோ பெரென்ஸ் அதில் விழுந்து இறந்தார். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டேங்க் மறுபடியும் பெட்டியைக் கட்டினார்.

1956 ஆகஸ்டில் அவர் வந்து இறங்கிய இடம் பெங்களூர், ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்.

அங்கே அதற்கு முன்னால் நடந்திருந்தது என்ன? வி.எம். காட்கே தலைமையில் எச்.டி-2 என்ற புரொப்பெல்லர் பயிற்சி விமானத்தை 1951-ல் பறக்கவிட்டிருந்தார்கள். அடுத்ததாக விமானப்படை கேட்டது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம், 60,000 அடி உயரம், 500 மைல் ஆரம். எச்.டி-2-வில் இருந்து நேரே அங்கே. பிளஸ் டூ முடிச்ச கையோடு பிஎச்.டி கேட்டது மாதிரி. டேங்க்கோடு வந்த ஜெர்மானியர் பதினெட்டுப் பேர். மீதி வேலை முழுக்க நம்ம ஆட்கள், பெரும்பாலும் இளைஞர்கள்.

விமானத்துக்கு மாருத் என்று பெயர் வைத்தார்கள். காற்று. சுசீந்திரத்தில் 18 அடி உயரத்துக்கு நிற்கிறாரே மாருதி, அவர் பெயரும் இந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆனி ஆடியில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ டேங்க் செய்த காரியத்தைப் பாருங்க. மாருத்தை உலோகத்தில் வெட்டுவதற்கு முன்னால், முழு அளவில் மரத்தில் ஒன்று கட்டச் சொன்னார். 1/32 இல்லை, 1/1. பெயர் எக்ஸ்-241. வெறும் பொம்மை இல்லை. ஃபிளாப், ஏர்பிரேக், மடங்கும் சக்கரம் எல்லாம் உண்மையாக வேலை செய்யும். இல்லாதது என்ஜின் மட்டும். 1959-ல் ஒரு டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துப்போய் உயரத்தில் விட்டது. கயிறு கழன்றதும் மர மாருத் தானாகச் சறுக்கி இறங்கியது. இப்படி 78 தடவை. கடைசித் தடவை மூக்குச் சக்கரம் வெளியே வராமல் தரையில் உரசி அடிபட்டது. அதற்குள் அந்த உடம்பு காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பது குழுவுக்குக் கிடைத்துவிட்டது. டிஏ 154-ல் மரத்திடம் அடி வாங்கிய மனுஷன், திரும்ப மரத்தை நம்பினார் என்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இந்தப் பகுதியை வாசித்த அன்றைக்குத்தான் எனக்க சொந்த மாடலில் மாட்டிக்கொண்டிருந்த இடமும் அவிழ்ந்தது. விமானியின் தலைக்கு மேலே உள்ள கண்ணாடிக் கூண்டு. தகட்டை வளைத்துப் பார்த்தேன், வரவில்லை. கோட்டாறில் மரவேலை செய்கிற பெரியப்பாவிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து, உளியும் அரமுமாக ஒரு சாயங்காலத்தில் அந்த வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதைக் குளிர்பான பாட்டிலுக்குள் நுழைத்து, ஹீட் கன் காட்டினா பாட்டில் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். வெட்டி எடுத்தா கண்ணாடி ரெடி. கேட்க சுளுவாக இருக்கு. சூடு கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் பால் மாதிரி வெளுத்துவிடும். ஆறு பாட்டில் போச்சு.

உடலும் லேசில் விடவில்லை. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை விரிவு 9 மீட்டர். 1/32-ல் 49.6 சென்டிமீட்டர், 28.1 சென்டிமீட்டர். ஒரு பிவிசி குழாயை வைத்து மேலே பட்டி பூசிவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். முடியாது. இறக்கை சேருகிற இடத்தில் மாருத்துக்கு இடுப்பு உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று இறக்கையையும் உடலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தக் குறுக்குப் பரப்பு எங்கே திடீரென்று கூடுகிறதோ அங்கே எதிர்ப்பு எகிறும். அதனால் இறக்கை தொடங்கும் இடத்தில் உடலை ஒடுக்கணும். அமெரிக்காவில் ரிச்சர்ட் விட்காம்ப் 1952-ல் இதை நிறுவினார், ஏரியா ரூல் என்று பாடத்தில் அரைப் பக்கம் இருக்கும். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த அரைப் பக்கம். 1 மில்லிமீட்டர் தகட்டில் பதினாலு வளையம் வெட்டி, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு சின்னது என்று கையால் அளந்து அடுக்கும்போதுதான் அது புரிந்தது. மேலே கார் பெயிண்ட் கடையில் வாங்கிய பட்டி, பிறகு 400, 600, 1000 என்று உப்புத்தாள். மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளின் வாய்க்கு இஞ்செக்‌ஷன் ஊசியின் துண்டு. விமானி அறைக்குள் ஒயர்களுக்கு லேன் கேபிளை உரித்து எடுத்த செம்புக் கம்பி. இருக்கை பெல்ட்டுக்கு மெடிக்கல் டேப்.

1961 ஜூன் 17. பெங்களூரில் உண்மையான மாருத் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். டேங்க் பெங்களூர் வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. ஓட்டினவர்கள் எல்லாரும் அந்த உடம்பைப் பாராட்டினார்கள்.

ஆனா என்ஜின்.

டேங்க் மாருத்தை வரைந்தது பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் பிஓஆர்.12 என்ற என்ஜினை மனதில் வைத்து. ஆஃப்டர்பர்னரோடு ஒவ்வொன்றும் 8,170 பவுண்ட் உந்துவிசை தரவேண்டியது. பிரிட்டன் அந்த என்ஜினின் வளர்ச்சியைக் கைவிட்டது. தொடர வேண்டுமானால் இந்தியா பணம் போட வேண்டும், டெல்லி போடவில்லை. கடைசியில் கையில் இருந்த ஆர்ஃபியஸ் 703-ஐயே மாட்டினார்கள். ஆஃப்டர்பர்னர் இல்லை, ஒன்றுக்கு 4,850 பவுண்ட். கணக்கு நீங்களே போடலாம். இரண்டு மடங்கு ஒலிவேகத்துக்கு வரைந்த உடம்பு, மட்டமான பறத்தலில் ஒலியின் வேகத்தையே தொடவில்லை.

பிறகு அந்த என்ஜினுக்கு ஒரு வீட்டைத் தேடுகிற மாதிரி இல்லை, வீட்டுக்கு ஒரு என்ஜினைத் தேடுகிற அலைச்சல். எகிப்தில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஈ-300 என்று ஒரு என்ஜின் செய்துகொண்டிருந்தார். அது எந்த விமானத்துக்கு? வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்ஏ-300-க்கு. ஆமா, அதே மெஸ்ஸர்ஷ்மிட். போர்க்காலத்தில் எதிரெதிர்க் கடை போட்டவர்களின் இரண்டு விமானங்கள், இருபது வருஷம் கழித்து நைல் கரையில் ஒரே என்ஜினுக்காகக் காத்து நின்றன. ஒரு மாருத்தை எகிப்துக்கு அனுப்பி, அந்த என்ஜினை மாட்டி 1967-ல் பறக்கவிட்டும் பார்த்தார்கள். எகிப்தில் திட்டமே மூடப்பட்டது. பெங்களூரில் ஆர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் சேர்க்கும் முயற்சி நடந்தது. 1970 ஜனவரி 10-ல் அப்படி மாற்றிய மாருத் ஒன்று கிளம்பும்போதே விழுந்தது. உள்ளே இருந்தவர் சுரஞ்சன் தாஸ். மாருத்தை முதன்முதலில் வானத்துக்குக் கொண்டுபோன அதே கைகள்.

யார் மேல் தப்பு என்று நம்ம ஊர் டீக்கடையில் கேட்டா உடனே தீர்ப்பு வரும். டெல்லியின் கஞ்சத்தனம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. கேட்ட தேவையே பேராசை என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு டேங்க் மேலும் ஒரு வருத்தம் உண்டு. பிஎம்டபிள்யூ 801 உயரத்தில் மூச்சு வாங்கியது, டிஏ 183-க்கு என்ஜின் வந்துசேரவே இல்லை, புல்கிக்கு இரவல் என்ஜின். மூன்று தடவை பட்டவர், நாலாவது தடவையும் இல்லாத என்ஜினை நம்பி உடலை வரைந்தார். வேறு வழி இருந்ததா என்றால், அன்றைக்கு இந்தியாவில் ஜெட் என்ஜின் வடிவமைக்க ஆள் இல்லை. இன்றைக்கும் தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் என்ஜினில்தான். அதற்காகத் தொடங்கிய காவேரி இன்னும் அதில் ஏறவில்லை.

மொத்தம் 147 மாருத் கட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் 300-க்கு மேல் தடவை பறந்தன. ஒலியைத் தாண்டாத அந்த விமானம், தாழ்வாகப் பறந்து தரையைத் தாக்குவதில் அசையாமல் நின்றது. ஒரு என்ஜின் அடிபட்டாலும் இன்னொன்றில் வீடு திரும்பியது. வான் சண்டையில் ஒன்றுகூட இழக்கப்படவில்லை. ஒரு மாருத் பாகிஸ்தானின் சேபர் விமானத்தைச் சுட்டும் வீழ்த்தியது. பந்தயக் குதிரையாகக் கேட்டது பட்டாளக் குதிரையாகப் போய்ச் சேர்ந்தது, கேட்டியளா.

அதைப் பார்க்க டேங்க் இந்தியாவில் இல்லை. 1967-லேயே ஜெர்மனி திரும்பிவிட்டார். கடைசிக் காலத்தில் எம்பிபி விமானக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5-ல் மியூனிக்கில் இறந்தார், 85 வயசு. மாருத் விமானப்படையில் அதற்குப் பிறகும் சில வருஷம் பறந்தது. அந்த மியூனிக்குக்குப் பக்கத்தில், ஷ்லைஸ்ஹைமில் உள்ள டாய்ச்செஸ் மியூசியத்தின் விமானக் கூடத்தில் ஒரு மாருத் இப்போதும் நிற்கிறது. இன்னும் சில நம்ம நாட்டிலேயே நிற்கின்றன, பெங்களூர் எச்ஏஎல் அருங்காட்சியகத்திலும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும்.

எனக்க மாருத் இப்போ சாம்பல் பிரைமர் பூசி நிற்கிறது. பேனல் கோடுகளைக் கீறி முடித்தாச்சு. காற்று நுழைகிற வாயின் அரைக்கூம்புகள் ஒட்டியாச்சு. அந்த வாய் வழியாகப் பார்த்தா பின்பக்கத்து இரண்டு ஓட்டை வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரியும். நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே வைக்க ஆர்ஃபியஸின் பின்வாய் எப்படி இருக்கும் என்று நல்ல படம் ஒன்று வேணும். பெங்களூரில் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிற சீனியர் அண்ணனிடம் அருங்காட்சியகம் போய் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொன்னார்.